செட்டிநாட்டுக்குக் கேரவனில் போகிறவர்களுக்கு

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் அது சினிமாக்காரர்கள் வண்டி. காரைக்குடிப் பக்கம் படப்பிடிப்பு பார்க்காத ஊர் குறைவு. ஊருணிக் கரையில் வண்டியை நிறுத்தினால் போதும், பிள்ளைகள் கூடி "யாரு வந்திருக்கா?" என்று கேட்பார்கள். கதவைத் திறந்துகொண்டு என் வீட்டுக்காரர் லுங்கியோடு இறங்கியதும் கூட்டம் தானாகக் கலைந்தது. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கேரவனை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுங்கள். வெளிநாட்டிலிருந்து போகிற உங்களிடம் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருந்தால் நீங்களே ஓட்டலாம், சட்டம் தடுக்காது. ஆனால் ஊர் முகப்புத் தோரண வாயில்களும் தாழத் தொங்கும் மின்கம்பிகளும் கூரைமேல் ஏசி வைத்த வண்டியை நினைத்துக் கட்டியவை அல்ல. ஏசியையும் சேர்த்து உயரம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கானாடுகாத்தான் மாதிரி ஊர்களில் தெருக்கள் அகலம், நேர்கோடு. முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும், அவ்வளவு நீள வீடுகள். நிறுத்த இடம் கிடைக்கும். கழிவறைத் தொட்டியைக் காலி செய்யத்தான் இடம் கிடைக்காது. இரண்டு நாளுக்கு ஒரு ராத்திரி லாட்ஜில் அறை போட்டு, நிர்வாகியிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைக்காதீர்கள். வானம் பார்த்த சீமை அது. பெய்கிற மழையைக் கூரையிலிருந்து முற்றத்துக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துப் பிழைத்த ஊர்கள்.

திருமயத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், பாறை சூடேறிவிட்டால் மேலே நிற்க முடியாது. ராமநாதபுரம் சேதுபதி 1687-ல் கட்டிய கோட்டை. ஊமைத்துரையை நினைத்து ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். ஏறும் வழியில் இரும்பு ஏணி வைத்த ஒரு குடைவரைச் சிவன் சன்னதி இருக்கிறது, உச்சியில் பீரங்கி. கீழே பாறையைக் குடைந்த பள்ளிகொண்ட பெருமாளைப் பார்க்காமல் பலர் போய்விடுகிறார்கள். தொல்லியல் துறை இடங்களில் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு கொடுப்பது) இருந்தால் இந்தியருக்கான கட்டணமே வாங்க வேண்டும், அட்டையைக் கையில் வைத்திருங்கள். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி இரண்டையும் மதியம் நடை சாத்துவதற்குள் முடித்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். சித்தன்னவாசலுக்கு அரை நாள் போதும். தாமரைக் குளத்து ஓவியத்துக்கு அண்ணாந்து பார்க்கவேண்டும், கழுத்து வலி உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிதான் முக்கியமானது. அந்தப் பக்கம் உங்களுக்குப் பங்கு வீடு இருந்தால், மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும்வரை வருகிற செய்தியைச் சொந்தக்காரர்களிடம் சொல்லாதீர்கள்.

எங்கள் வீடு கானாடுகாத்தானிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கிராமத்தில். முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். வளவைச் சுற்றி ஒவ்வொரு பங்காளிக்கும் ஒரு இரட்டை வீடு, ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு. பர்மாவிலிருந்து தேக்கு வந்த காலத்தில் கட்டியது. பர்மா போனது, பணம் போனது, தூண் நிற்கிறது. அப்பச்சி, அதாவது என் அப்பா, சிட்னிக்கு வந்த பிறகும் வருஷா வருஷம் வெள்ளையடிக்கப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு நான் ஒரே பிள்ளை. கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போனவளுக்கு அங்கே புள்ளிக் கணக்கு (தனிக் குடும்பமாக எண்ணுவது) கிடையாது. கையெழுத்துக் கணக்கு மட்டும் உண்டு.

பெரியப்பச்சி மகன், எனக்கு அண்ணன் முறை, காரைக்குடியில் இருக்கிறார். "வாத்தா, வந்ததுதான் வந்தே, ஒரு கையெழுத்து. அரை மணி நேர வேலை," என்றார். கூரை ஓடு மாற்ற வேண்டும், எல்லாருக்கும் தனித்தனியாகப் போன் போட முடியாது, ஒரு பவர், அதாவது எங்கள் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் பார்த்துக்கொள்வார். அவர் மனைவி, எங்கள் பேச்சில் அண்ணமிண்டி, கவுனி அரிசியும் கந்தரப்பமும் வைத்துவிட்டு, "பேருக்குத்தான் பவர், நீ வந்து தங்குறதுக்குத்தான் எல்லாம்," என்றார். நாங்களும் மறுநாள் காலை சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம்.

அங்கே போகிறவர்கள் எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று சொல்கிறேன். முதலில் கேட்டது ஆதார். ஓசிஐக்காரர்கள் முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இந்தியாவில் தங்கியிருந்தால்தான் ஆதார் வாங்க முடியும், விடுமுறைக்கு வந்தவரிடம் அது இருக்க வழியில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டலாம், ஆனால் அதை எழுத்தர் ஏற்க மேலே கேட்டு வர வேண்டும், மேலே இருப்பவர் வெளியே போயிருப்பார். அடுத்து வாரிசுச் சான்றிதழ். அதற்கு அப்பச்சியின் இறப்புச் சான்று. அவர் சிட்னியில் போனவர், சான்றும் அங்கே கொடுத்தது. ஆஸ்திரேலிய வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரை (சான்று உண்மையானது என்று வெளிநாட்டுக்காக வைப்பது) இல்லாமல் அதைத் தாலுகா அலுவலகத்தில் தொடமாட்டார்கள். இதை ஆஸ்திரேலியாவிலிருந்து கிளம்புமுன் செய்துகொள்ளுங்கள். என்னிடம் முத்திரை இருந்தது. பெயர்தான் இல்லை.

நகரத்தார் வீடுகளில் பிள்ளைக்குத் தாத்தா பாட்டி பெயரை வைப்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்பத்தா பெயர். மாமியார் பெயரைச் சொல்லி மகளைக் கூப்பிட ஆத்தாவுக்கு வாய் வராது, அதனால் வீட்டுக்கு ஒரு பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வீட்டுப் பெயர் பதிவேட்டில் ஏறியது, அங்கிருந்து பாஸ்போர்ட்டில் ஏறியது, சிட்னியில் அதற்குப் பின்னால் என் வீட்டுக்காரர் பெயரும் ஒட்டிக்கொண்டது. பிறப்புச் சான்றில் மட்டும் நான் இன்னும் என் அப்பத்தா. எழுத்தர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இவங்க யாரு?" என்றார். நான்தான் என்றேன். "அப்ப அவங்க?" அதுவும் நான்தான். இருவரும் ஒருவரே என்று தாசில்தார் சான்று கொடுக்க வேண்டும், அதற்கு முன் கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வேண்டும், அவருக்கு மூன்று ஊர்ப் பொறுப்பு. அந்த நாள் போயிற்று. அடுத்த நாள் சர்வர் இல்லை. அதற்கடுத்து முகூர்த்த நாள், பத்திரம் பதிய ஊரே திரண்டு வந்திருந்தது, டோக்கன் முடிந்துவிட்டது.

வாடகை ஓடிக்கொண்டிருந்த கேரவன் அலுவலக வாசல் வேப்பமரத்தடியில் நின்றது. இவர் உள்ளே உப்புமா கிளறினார். பத்திரம் பதிய வந்தவர்கள் வரிசையாக ஏறிக் கட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். ஒரு பெரியவர் மட்டும் வாசலிலேயே நின்று, "வீடு இருக்கறப்ப இது எதுக்குத் தம்பி?" என்று கேட்டார். இவர் திருநெல்வேலிக்காரர், பதிலுக்கு அவருக்கும் ஒரு தட்டு உப்புமா கொடுத்தார்.

காத்திருந்த நேரத்தில் பத்திர எழுத்தர் தட்டச்சு செய்த வாசகத்தைப் படித்தேன். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. ஓடு மாற்ற, வரி கட்ட, மின் இணைப்பு வாங்க என்று வரிசையாக வந்து, மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: "மேற்படி சொத்தை விற்கவும், கிரையம் எழுதிக் கொடுக்கவும், கட்டுமானத்தைப் பிரித்தெடுக்கவும்." பல பவர்களில் விற்கிற வாசகம் உண்டு. பிரித்தெடுக்கிற வாசகம் செட்டிநாட்டுக்கே உரியது. தூணும் நிலையும் கதவும் தனித்தனியாக விலை போகிற சீமை அது. "வழக்கமா எழுதறதுதான்த்தா," என்றார் அண்ணன். வழக்கமாகவும் இருக்கலாம். மழைக்கு ஒழுகுகிற வளவில் வாளி வைத்துவிட்டு வருகிறவர் அவர்தான், காவல்காரருக்குச் சம்பளம் கொடுப்பவரும் அவர்தான். அப்பத்தா படுக்கையில் கிடந்த மாதங்களில் யார் பார்த்துக்கொண்டது என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நான் கையெழுத்துப் போடவில்லை. சான்று வராததால் போட முடியவில்லை என்று வெளியே சொல்லிக்கொண்டோம், இரண்டு பக்கமும் கௌரவமாக இருந்தது.

இதில் ஆவுடையார்கோயில் போயிற்று, ராமேசுவரம் போயிற்று. ஆவுடையார்கோயில் கொடுங்கையில் (வளைந்த கூரை விளிம்பில்) கல்லை மரச்சட்டமாகவே செதுக்கி ஆணி அடித்தது மாதிரி வைத்திருப்பார்கள். கருவறையில் லிங்கம் கிடையாது, அதன் பீடமான ஆவுடை மட்டும்தான். இவர் அதற்காகத்தான் வந்தார். நீங்கள் அதை முதலில் பாருங்கள்.

ஆத்தங்குடியில் கல் வாங்க நினைப்பவர்கள் செய்கிற இடத்துக்கே போய்ப் பார்க்கலாம். கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்துச் சாயக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டுத் தட்டுவார்கள். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறி எடுத்ததும் கண்ணாடி கழன்று வந்துவிடும், அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் பளபளப்பு. விமானத்தில் கொண்டுவர நினைக்காதீர்கள், நாலு கல்லுக்கே பெட்டி எடை தாண்டும். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் இன்னொன்று நினைவிருக்கட்டும்: நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதை 1972 சட்டம் தடுக்கிறது. பீங்கான் டப்பா, எனாமல் தூக்கு என்று சின்னதாக வாங்குங்கள். நிலைக்கதவுகள் சாத்தி வைத்திருக்கும் பகுதியில் எந்த ஊர் வீட்டுக் கதவு என்று விசாரிக்காதீர்கள், கடைக்காரர் சொல்லிவிடுவார்.

வளவில் தனியாக இருக்கும் ஆச்சிகளிடம் அடுத்த வருஷம் வருகிறேன் என்றும் சொல்லாதீர்கள். அவர்கள் நாள் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். சிட்னியில் நாங்கள் மண்டபம் பிடித்துப் பிள்ளையார் நோன்புக்கு இழை (திரி ஏற்றிய மாவு) எடுக்கிற அதே ராத்திரி, அங்கே பெரிய பெரிய வீடுகளில் ஒற்றை ஆளாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது அண்ணன் சிட்னியிலிருந்தே பவர் அனுப்பச் சொல்கிறார். அது முடியும். இந்தியத் துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கி, அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். விடுமுறையில் போய் வேப்பமரத்தடியில் நிற்பதைவிட இது மலிவு. வாசகத்தை முதலில் எனக்கு அனுப்புங்கள், மூன்றாம் பக்கத்தில் பிரித்தெடுக்கிற வரி இல்லாமல் என்று எழுதியிருக்கிறேன். ஓடு மாற்ற என் பங்குப் பணத்தையும் அனுப்பிவிட்டேன். பணம் வந்து சேர்ந்தது என்று மட்டும் பதில் வந்திருக்கிறது.