நர்சிங் ஹோமில் அம்மாவின் வளையலைக் காணோம் என்றால்

அமெரிக்காவுக்கு வந்த புதிதில் வீடு, லைசென்ஸ், பள்ளிக்கூடம் என்று ஓடிக்கொண்டிருக்கும் யாருக்கும் இது மனதில் வராது. ஆனால் கூட வந்த அம்மாவோ மாமனாரோ வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்துவிட்டு பல சமயம் நேராக முதியோருக்கான நர்சிங் ஹோமுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பொருள் காணாமல் போவது சர்வசாதாரணம், அப்போது என்ன செய்வது என்பதற்குத்தான் இது.

பெரும்பாலான பொருள்கள் திருடுபோவதில்லை, தொலைகின்றன. துணியெல்லாம் ஒன்றாகச் சலவைக்குப் போகும், பெயர் எழுதாத ஸ்வெட்டர் வேறு ஒருவர் அலமாரிக்குப் போய்ச் சேரும். பல்செட்டைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி சாப்பாட்டுத் தட்டில் வைப்பார்கள், தட்டை எடுப்பவர் டிஷ்யூ என்று நினைத்து அப்படியே குப்பையில் கொட்டிவிடுவார். காது மெஷின் தலையணை உறைக்குள் நழுவி வாஷிங் மெஷினில் சுற்றும். ஞாபகமறதி உள்ள பக்கத்து அறைப் பாட்டி உங்கள் அம்மாவின் கைப்பையைத் தன்னுடையது என்று தூக்கிப் போவதும் உண்டு. அதனால் முதலில் சலவை அறை, சமையலறை, பக்கத்து அறைகள் மூன்றையும் தேடச் சொல்லுங்கள், நீங்களும் கட்டிலுக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள்.

சேர்க்கும் நாளிலேயே செய்ய வேண்டியது, கொண்டுவந்த பொருள்களின் பட்டியல். ஒரு தாளை நீட்டுவார்கள், அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வளையலை ‘மஞ்சள் நிற உலோகம்’ என்று எழுதியிருந்தால் எத்தனை வளையல், என்ன வேலைப்பாடு, கல் உண்டா என்று சேர்த்து எழுதச் சொல்லி, போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த வாரம் நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் போர்வையும் போனும் அந்தப் பட்டியலில் தானாக ஏறாது, ஒவ்வொரு தடவையும் கேட்டு ஏற்ற வேண்டும். தங்கத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவதுதான் என் கட்சி. தாலியைக் கழற்ற மாட்டேன் என்றால் கொடியை மட்டும் மாற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துவிடுங்கள். சேர்க்கைப் பத்திரத்தில் ‘பொருள் தொலைந்தால் எங்களுக்குப் பொறுப்பில்லை’ என்று ஒரு வரி இருந்தால் அதை அடித்துவிடச் சொல்லலாம், ஏனென்றால் மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு), மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கானது) பணம் வாங்கும் நர்சிங் ஹோம் எதுவும் அப்படி எழுதி வாங்கக்கூடாது என்பது மத்திய அரசு விதி. (அன்றாட வேலைகளுக்கு மட்டும் உதவி கிடைக்கும் அசிஸ்டட் லிவிங் என்கிற முதியோர் குடியிருப்புகளுக்கு இந்த விதிகள் பொருந்தாது, அங்கே மாநிலச் சட்டம்தான்.)

சரி, தேடியும் கிடைக்கவில்லை. இங்கேதான் நம்மவர்கள் பலர் கோட்டை விடுவது. ஷிஃப்டில் இருக்கும் நர்ஸிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு, அவரும் தலையாட்டிவிட்டு, அடுத்த ஷிஃப்டுக்கு விஷயமே தெரியாமல் போகும். எழுத்தில் கொடுங்கள். என்ன பொருள், கடைசியாக யார் எப்போது பார்த்தது, எங்கெல்லாம் தேடினோம் என்று எழுதி, திருட்டுச் சந்தேகம் இருந்தால் ‘அனுமதியில்லாமல் யாரோ எடுத்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன், விசாரிக்க வேண்டும்’ என்று வெளிப்படையாகவே எழுதி, நிர்வாகிக்கே ஈமெயில் அனுப்புங்கள். வெறுமனே ‘காணோம்’ என்றால் அது தொலைந்த பொருள் கணக்கில் போய்விடும். சந்தேகம் என்று சொல்லிவிட்டால் கதையே வேறு, அடிதடியோ காயமோ இல்லாவிட்டாலும் 24 மணி நேரத்துக்குள் நர்சிங் ஹோம்களைக் கண்காணிக்கும் மாநிலத் துறைக்கு அவர்கள் தகவல் கொடுக்க வேண்டும், சம்பவத்திலிருந்து 5 வேலை நாளுக்குள் விசாரணை முடிவையும் அனுப்ப வேண்டும். நகை, பணம் மட்டுமல்ல, அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை யாராவது எடுத்தாலும் இதே கணக்குதான்.

ஆனால் ஊகித்து யார் பெயரையும் சொல்லாதீர்கள். பார்த்திருந்தால் பார்த்ததைச் சொல்லுங்கள், ‘அந்தப் பொண்ணு மேலதான் டவுட்’ என்று ஊகத்தில் ஒருவரைக் கைகாட்ட வேண்டாம். யார் என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை.

உருப்படியான விசாரணை என்றால் அந்த நாள்களில் அந்த அறைக்கு வந்துபோன எல்லா ஷிஃப்ட் ஆட்களிடமும், அறைத்தோழியிடமும், சலவைக்காரரிடமும் கேட்டிருப்பார்கள், நடைபாதையில் கேமரா இருந்தால் பார்த்திருப்பார்கள், அதே பகுதியில் வேறு யாருக்கும் ஏதாவது காணோமா என்றும் கேட்டிருப்பார்கள். ‘தேடினோம், கிடைக்கவில்லை’ என்று ஒற்றை வரியில் முடித்தால் யார் யாரிடம் கேட்டீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். புகார்களைக் கவனிக்க என்றே ஓர் அதிகாரி ஒவ்வொரு இல்லத்திலும் இருக்க வேண்டும், அவருடைய முடிவை எழுத்தில் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அம்மாவை விசாரிக்கும்போது மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், போனிலாவது ஏற்பாடு செய்யட்டும். பத்து வயதுப் பேரனை உட்கார வைத்து மொழிபெயர்க்கச் சொல்வது யாருக்கும் நல்லதல்ல. அம்மாவுக்கு ஞாபகமறதி இருக்கிறது, அவர் சொல்வதை எடுத்துக்கொள்ள முடியாது என்று தட்டிக்கழித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் சொல்வது சரியா தவறா என்பது விசாரித்தபின் தெரிய வேண்டியது.

அவர்கள் அசையாவிட்டால் மாநிலத்தின் நீண்டகாலப் பராமரிப்பு ஆம்புட்ஸ்மேனை, அதாவது நர்சிங் ஹோமில் இருப்பவர்கள் தரப்பில் நின்று புகார்களைத் தீர்க்க உதவுபவரைக் கூப்பிடுங்கள். எல்லா மாநிலத்திலும் உண்டு, காசு கிடையாது, போன் நம்பரை இல்லத்தின் சுவரிலேயே ஒட்டி வைத்திருப்பார்கள். மாநிலத் துறைக்கும் போலீசுக்கும் நீங்களே நேரடியாகவும் புகார் கொடுக்கலாம். காது மெஷினுக்கு இன்சூரன்ஸ் இருந்தால் போலீஸ் ரிப்போர்ட் எண் தேவைப்படலாம். புகார் செய்தால் அம்மாவைச் சரியாகக் கவனிக்க மாட்டார்களோ என்ற பயம் நியாயமானதுதான், ஆனால் பழிவாங்குவதை விதி தடுக்கிறது, அப்படி நடந்தால் அதுவே இன்னொரு புகார். பல்செட் தொலைந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், 3 நாளுக்குள் பல் மருத்துவரிடம் அனுப்ப ஏற்பாடு செய்வது அவர்கள் கடமை.

இந்த வேலைக்கே போகிற நம்மவர்களும் இருக்கிறார்கள். சான்று பெற்ற நர்சிங் உதவியாளர் பயிற்சிக்கு மத்திய அரசு சொல்லும் குறைந்தபட்சம் 75 மணி நேரம்தான் என்பதால் வந்தவுடன் சிலர் சேர்ந்துவிடுகிறார்கள். நீங்களும் அந்த வேலையில் இருந்தால் தெரிந்துகொள்ள வேண்டியது, பொருளை எடுத்ததாக உங்கள் மீது முடிவாகிவிட்டால் அது நர்சிங் உதவியாளர்களுக்கான மாநிலப் பதிவேட்டில் ஏறும், அதன்பின் எந்த நர்சிங் ஹோமும் உங்களை வேலைக்கு வைக்க முடியாது. விசாரணை நடக்கும்போது லீவில் அனுப்பினால் அதையே தீர்ப்பு என்று நினைத்துப் பயந்து ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள். முதியவர் அன்பாக நீட்டும் இருபது டாலரைக்கூட வாங்காதீர்கள், மறுநாள் அவருக்கு ஞாபகம் இருக்காது. பதிவேட்டில் ஏற்றப் போகிறோம் என்று மாநிலத்திடமிருந்து கடிதம் வந்தால் அதில் போட்டிருக்கும் தேதியிலிருந்து 30 நாளுக்குள் உங்கள் தரப்பைச் சொல்ல ஒரு விசாரணை (hearing) வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்கலாம், அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் மேசையில் போட்டு வைக்காதீர்கள்.