மலையகத்திலிருந்து விமானி ஆசனத்துக்கு: எந்த நாட்டு அனுமதிப்பத்திரம்?

பயிற்சிப் பாடசாலை தேடுவதற்கு முன், எந்த நாட்டில் வேலை செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று பாருங்கள். விமானி அனுமதிப்பத்திரம் வேலை விசா ஆகாது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையான ஈஸாவின் அனுமதிப்பத்திரம் கையில் இருந்தாலும், அங்கே வேலை செய்யும் உரிமை இல்லாதவரின் விண்ணப்பத்தைப் பெரும்பாலான கம்பனிகள் எடுத்துப் பார்ப்பதில்லை. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் குடும்பங்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடுத்தது மெடிக்கல். பணம் கட்டுவதற்கு முன்பே முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழை எடுத்துவிட வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டாவது ஒவ்வொரு கண்ணுக்கும் 6/9, இரண்டுக்கும் சேர்த்து 6/6 பார்வை தேவை. நிறப்பார்வையை இஷிஹாரா புள்ளிப் படங்களால் சோதிப்பார்கள். அதை முதலில் ஊரிலேயே ஒரு கண் டொக்டரிடம் பார்த்துக்கொள்ளலாம், சில நிமிட வேலைதான். ஐரோப்பாவுக்குப் போகிறவர் ஈஸா மெடிக்கலைத் தனியாக எடுக்க வேண்டும், இலங்கைச் சான்றிதழ் அங்கே செல்லாது.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். தோட்டப் பகுதிகளில் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, பரீட்சைச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னும் பின்னும் என்று இருப்பது வழமை. கடவுச்சீட்டு எடுக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். அனுமதிப்பத்திரமும், பறந்த நேரங்களைப் பதியும் லொக்புக்கும் அதையே பின்பற்றட்டும்.

உயர்தரத்தில் பௌதிகவியலைத் தமிழில் படித்தது தடையில்லை, கணக்கு ஒன்றுதான். ஆனால் பரீட்சையும் வானொலிப் பேச்சும் ஆங்கிலத்தில். சர்வதேச ஆங்கில அளவுகோலில் குறைந்தது 4ஆம் நிலை வேண்டும். அந்த நிலையில் நிற்பவர் சர்வதேசப் பரிந்துரைப்படி 3 வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பரீட்சைக்கு உட்கார வேண்டியிருக்கும், 6ஆம் நிலைக்கு அந்தத் தொல்லை இல்லை. விமானம் இருக்கும் இடத்தையும் போகும் பாதையையும் கணிக்கும் வழிகாட்டல் (நேவிகேஷன்) பாடத்தை மட்டும் மனப்பாடம் செய்து கடக்கப் பார்க்காதீர்கள். 1974 டிசம்பர் 4 இரவு நம் மலையகத்தின் சப்தகன்னி மலையில் மோதி 191 பேரோடு அழிந்த டிசி-8 விமானம், தான் எங்கே இருக்கிறது என்பதைத் தவறாகக் கணித்துத் தாழ இறங்கிய விமானம்.

வணிக விமானி அனுமதிப்பத்திரமான சிபிஎல்லுக்குச் சர்வதேசக் குறைந்தபட்சம் 200 மணித்தியாலம். அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பாடநெறியில் 150 போதும். அமெரிக்காவில் பகுதி 61 என்ற விதித்தொகுப்பின் வழியாகப் போனால் 250. கப்டன் ஆவதற்கான ஏடிபிஎல்லுக்கு 1500. விமானக் கம்பனிகள் சிபிஎல்லோடு பல இயந்திர விமானத் தகுதியையும், வெளியே பாராமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் கருவிப் பறப்புத் தகுதியையும் எதிர்பார்க்கும். வேலை உறுதியாகாமல் சொந்தக் காசில் டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட ஒரு விமான வகையை ஓட்டும் தகுதி) எடுப்பது எங்கள் பார்வையில் வீண் சூதாட்டம்.

ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பறந்த மணித்தியாலங்கள் கூட வரும், பரீட்சைகள் பெரும்பாலும் வராது. இலங்கை சிபிஎல்லோடு ஈஸாவுக்குப் போகும் புது விமானி 13 எழுத்துப் பாடங்களையும் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் 75 சதவீதம், முதல் பரீட்சையிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். அதன்பின் 36 மாதத்துக்குள் சிபிஎல்லும் கருவித் தகுதியும் கைக்கு வராவிட்டால் எழுதியது காலாவதி. பிரித்தானியா 2021 முதல் தனி அமைப்பு, அதன் அனுமதிப்பத்திரத்தை ஈஸாவாக எண்ணிப் படிக்கப் போய்விடாதீர்கள். அமெரிக்காவில் வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தைக் காட்டினால் கிடைப்பது தனியார் விமானிச் சான்றிதழ் மட்டுமே. சம்பளத்துக்குப் பறக்க அவர்களுடைய எழுத்துப் பரீட்சையும் பறப்புச் சோதனையும் உண்டு.

லொக்புக்கில் பலர் மாட்டிக்கொள்வது அமெரிக்க மணித்தியாலங்களில். ஒருவர் கண்மறைப்புப் போட்டுக் கருவிப் பறப்புப் பழக, பக்கத்தில் பாதுகாப்பு விமானியாக இருப்பவரும் தலைமை விமானி நேரம் எழுதிக்கொள்ள அங்கே இடமுண்டு. ஈஸா அந்த நேரத்தை ஏற்காது. ஆகவே அதைத் தனி நிரலில் எழுதுங்கள், இல்லாவிட்டால் மாற்றும்போது தலைமை விமானிக் கணக்கில் துண்டு விழும். இரவு, கருவி, பயிற்றுநரோடு பறந்த நேரம் ஒவ்வொன்றும் வெவ்வேறாக இருக்கட்டும். பாடநெறி முடிந்ததும் பயிற்சிப் பதிவுகளின் கையொப்பமும் முத்திரையும் இட்ட பிரதிகளை உடனே வாங்கிக்கொள்ளுங்கள். பாடசாலை மூடப்பட்ட பிறகு கேட்க ஆள் இருக்காது. சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் அனுமதிப்பத்திர உறுதிப்படுத்தலுக்கு விண்ணப்பிப்பதை வேலை நேர்முகம் வரும்வரை தள்ளிப்போடவும் வேண்டாம்.