ஜிபிஜி ஆப்ஷன் எதுவும் மனப்பாடம் வேண்டாம், பூட்டு, திற போதும்

குலசேகரத்துல எனக்க மாமா வஸ்து (நெலம்) பத்திரம் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி உபுண்டு லேப்டாப்ல வச்சிருக்காரு, அத ஜிபிஜின்னு பாஸ்வேர்டு போட்டு ஃபைல பூட்டுற புரோகிராம்ல பூட்டணும். குமரி தமிழகத்தோட சேந்த 1956க்கு முந்தினது பாதி மலையாளத்துல கெடக்கு, அத வாசிக்கவே ஆள் தேடணும், இதுல மைனஸ் சி எதுக்கு மைனஸ் இ எதுக்குன்னு அவரு எங்க ஞாபகம் வைக்க. அதான் ரெண்டு கமாண்ட் செஞ்சி குடுத்தேன்.

ஹோம் ஃபோல்டர்ல டாட் பேஷ்ஆர்சின்னு மறைஞ்ச ஃபைல் ஒண்ணு இருக்கும், அதுல பூட்டுன்னு ஒரு ஃபங்ஷன் (பல கமாண்ட ஒரே பேர்ல கட்டி வைக்கிறது) எழுதுங்க. அலியாஸ் (கமாண்டுக்கு வைக்கிற சுருக்கப் பேரு) வேண்டாம், அதுல ஃபைல் பேரு கடைசியில போய் ஒட்டிக்கும், அதுக்கப்புறம் வேற வேலை குடுக்க முடியாது. பேர இங்கிலீஷ் எழுத்துலயே வைங்க, கீபோர்டு மாத்திட்டு இருக்க சோம்பலா இருக்கும்.

உள்ள ஜிபிஜி மைனஸ் சி (பாஸ்வேர்டு போட்டு பூட்ட), பக்கத்துல டாலர் ஒண்ணு (நீங்க குடுக்குற ஃபைல் பேரு). டாலர் ஒண்ண டபுள் கோட்டுக்குள்ள போடுங்க, இல்லன்னா ஸ்பேஸ் விட்ட ஃபைல் பேர ரெண்டா வெட்டிரும். மைனஸ் சிக்கு முன்னாடி மைனஸ் மைனஸ் நோ மைனஸ் சிம்கீ மைனஸ் கேஷ் சேருங்க, ஜிபிஜி 2.2.7 வெர்ஷன்லருந்து உண்டு. இது இல்லாம குடுத்துட்டு நான் பட்ட பாடு இருக்கே, மாமா பூட்டுன உடனே தொறந்து பாத்தாரு, பாஸ்வேர்டே கேக்கல, "மருமவனே, இதுக்கு பூட்டே இல்லியே"ன்னாரு. ஜிபிஜி பாஸ்வேர்ட கொஞ்ச நேரம் ஞாபகம் வச்சிருக்கும், அதான் விஷயம், அவரு நம்பணுமே.

இன்னொண்ணு, பூட்டுனாலும் ஒரிஜினல் ஃபைல் அங்கயே கெடக்கும், டாட் ஜிபிஜின்னு புதுசா ஒண்ணு வரும் அவ்வளவுதான். அதனால ரெண்டு ஆம்பர்சண்ட் போட்டு எக்கோல "பூட்டியாச்சு, ஒரிஜினல அழிக்கவா"ன்னு தமிழ்ல கேக்க வச்சி, மறுபடி ரெண்டு ஆம்பர்சண்ட், ஆர்எம் மைனஸ் ஐ (ஒய் அடிச்சாத்தான் அழிக்கும்), பக்கத்துல அதே டாலர் ஒண்ணு. பூட்டுறது ஃபெயில் ஆச்சுன்னா அழிக்கிற பேச்சே வராது. முதல் தடவ ஒய் அடிக்காதீங்க, டாட் ஜிபிஜிய வேற ஃபோல்டர்ல காப்பி பண்ணி தொறந்து பாருங்க.

அதே மாதிரி திறன்னு இன்னொரு ஃபங்ஷன் எழுதுங்க, அதுல ஜிபிஜி மைனஸ் டி மட்டும் போட்டா பிடிஎஃப் முழுக்க ஸ்கிரீன்ல குப்பையா கொட்டும். மைனஸ் மைனஸ் டீக்ரிப்ட் மைனஸ் ஃபைல்ஸ் போடுங்க, பழைய பேர்லயே ஃபைல் வந்துரும். டெர்மினல மூடி தொறந்தா ரெண்டும் ரெடி.

பாஸ்வேர்டு மறந்தா மீட்க வழியே இல்ல, பேப்பர்ல எழுதி வைங்க. லேப்டாப் மாத்துனா பயப்படாண்டாம், இந்த ஃபங்ஷன் இல்லாட்டியும் ஜிபிஜி இருக்க எந்த மெஷின்லயும் அந்த ஃபைல் தொறக்கும்.