வீட்டிலேயே ஸ்பீக்கர் பெட்டி: முதலில் லிட்டர், அப்புறம் ரம்பம்

நல்ல ஸ்பீக்கர் வாங்கி, கையில் கிடைத்த பலகையில் ஒரு பெட்டி அடித்து மாட்டிவிட்டு, பேஸ் வரவில்லை என்று ஆம்ப்ளிஃபயரைத் திட்டுபவர்கள் நிறைய பேர். உள்ளே அடைபடும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். பெட்டி சின்னதானால் ஸ்பிரிங் விறைக்கும், பேஸ் ஒரே இடத்தில் கும்மென்று முட்டி நிற்கும், அதற்குக் கீழே ஒன்றும் கேட்காது.

ஸ்பீக்கரோடு வரும் டேட்டாஷீட்டில் எஃப்எஸ் (Fs, பெட்டி இல்லாமல் ஸ்பீக்கர் தானாக அதிரும் சுருதி), க்யூடிஎஸ் (Qts, அந்த அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்பது), விஏஎஸ் (Vas, ஸ்பீக்கரின் ஸ்பிரிங்குக்குச் சமமான காற்றின் அளவு) என்று மூன்று எண்கள் இருக்கும். நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் இருவரும் ஆஸ்திரேலியாவில் வகுத்த கணக்கு, இன்றைக்கும் எல்லோரும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இந்த எண்கள் இல்லாத ஸ்பீக்கரை வாங்கவே வேண்டாம்.

முதல் பெட்டிக்கு ஆறரை இன்ச் ஃபுல்ரேஞ்ச் (எல்லாச் சுருதியையும் தானே பாடும் ஸ்பீக்கர்) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஒலியைப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் தொல்லை இல்லை. காற்று வெளியே போய்வரும் போர்ட் ஓட்டையும் வேண்டாம், முழுக்க மூடிய பெட்டியே போதும். 0.707ஐ (மூடிய பெட்டியில் பேஸ் முட்டாமல் சமமாக வரக் குறிவைக்கும் எண்) க்யூடிஎஸ்ஸால் வகுத்து, வந்த விடையை அதே விடையால் பெருக்கி, ஒன்றைக் கழியுங்கள். விஏஎஸ்ஸை அந்த விடையால் வகுத்தால் லிட்டர் கிடைத்துவிடும். உதாரணமாக க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 20 லிட்டர் என்றால் சுமார் 13.6 லிட்டர். எஃப்எஸ் 50 ஹெர்ட்ஸாக இருந்தால் பெட்டிக்குள் அது 79 பக்கம் ஏறும், அது இயல்புதான். ஸ்பீக்கரின் காந்தமும் உள்ளே வைக்கும் குறுக்குக் கட்டையும் அடைக்கிற இடத்துக்கு 0.8 லிட்டர் சேர்த்தால் 14.4. உள் அளவு 20 × 24 × 30 செ.மீ. என்று வைத்தால் சரியாக வரும். மூன்று பக்கத்தையும் ஒரே அளவில் வைக்காதீர்கள், ஒரே சுருதி எதிரொலித்துப் பாட்டைக் கெடுக்கும்.

பலகை 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை). அறுக்கும்போது மாஸ்க் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பக்கப் பலகை இரண்டு 24 × 33.6 செ.மீ., மேலும் கீழும் 24 × 20 செ.மீ., முன்னும் பின்னும் 23.6 × 33.6 செ.மீ. கையால் அறுத்தால் கோணம் போய்விடும். பலகைக் கடையில் டேபிள் ரம்பம் இருந்தால் அங்கேயே, ஒரே அளவுள்ள துண்டுகளை ரம்பத்தின் அளவை மாற்றாமல் அடுத்தடுத்து அறுத்து வாங்குங்கள்.

ஒட்டுவதற்கு முன்பே முன்பலகையில் ஸ்பீக்கர் ஓட்டையையும் பின்பலகையில் டெர்மினல் (ஒயர் மாட்டும் முனை) ஓட்டையையும் போட்டுவிடுங்கள். ஸ்பீக்கர் ஓட்டையின் உள்விளிம்பைச் சரிவாகச் சீவுங்கள், இல்லாவிட்டால் கோனின் (ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பின்) பின்பக்கக் காற்று அந்த 18 மி.மீ. சுவரில் அடைபடும். மரப்பசையைத் தாராளமாகத் தடவி, கிளாம்ப் போட்டு ஒரு இரவு விடுங்கள். குறுக்குக் கட்டையை இரண்டு பக்கப் பலகைகளுக்கும் நடுவே, மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒட்டுங்கள். உள்மூலைகள் எல்லாவற்றிலும் இன்னொரு கோடு பசை இழுங்கள். ஊசி முனை இடைவெளி இருந்தாலும் காற்று சீறும்.

தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சை உதிர்த்து, இறுக்காமல் நிரப்புங்கள். ஸ்பீக்கரின் விளிம்புக்கு ஃபோம் டேப் ஒட்டித் திருகுங்கள். அப்புறம் கோனை விரல்களால் சமமாக மெல்ல அமுக்கி விடுங்கள். நிதானமாகத் திரும்பி வந்தால் பெட்டி காற்றுப் புகாமல் இருக்கிறது. படக்கென்று வந்தால் எங்கோ கசிகிறது. டெர்மினல் ஓட்டையை முதலில் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான்.

பெயின்ட் கடைசியில். எம்.டி.எஃப்பின் வெட்டுமுனை பெயின்ட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், அதனால் தண்ணீர் கலந்த மரப்பசையை முனைகளில் பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்துவிட்டுப் பிறகு அடியுங்கள்.