"அவன் பார்த்திருப்பான்": பாங்காக்கில் முதல் நாள் செய்யக்கூடாத தவறுகள்

சென்னையில் நள்ளிரவு தாண்டி விமானம் ஏறினால் விடியற்காலையில் பாங்காக்கில் இறக்கிவிடுவார்கள். அங்கே மணி ஐந்தரை என்றால் நம் ஊரில் நாலு. இரவு முழுக்கத் தூக்கமில்லை. பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் படுக்கை கிடைப்பதோ மதியம் இரண்டு மணிக்கு மேல். நானும் நண்பனும் முதல் முறை போனபோது செய்த தவறுகள் எல்லாமே இந்த எட்டு மணி நேரத்துக்குள்தான் நடந்தன.

தனியாகப் போகிறவன் பயத்திலாவது எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்ப்பான். இரண்டு பேராகப் போனால் ஒரு தைரியம் வந்துவிடுகிறது. "அவன் பார்த்திருப்பான்" என்று நான் நினைக்க, "இவன் பார்த்திருப்பான்" என்று அவன் நினைக்க, கடைசியில் யாருமே பார்த்திருக்க மாட்டோம்.

முதலில் காகித வேலை. 2025 மே மாதத்திலிருந்து தாய்லாந்துக்குள் நுழைய டிஜிட்டல் வருகை அட்டை வேண்டும். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அரசின் தளத்தில் நிரப்பலாம், இலவசம். தேடினால் பணம் கேட்கும் போலித் தளங்களும் வந்து நிற்கும், கவனம். ஆளுக்கொன்று நிரப்பியாக வேண்டும். ஒருவன் நிரப்பியது இரண்டு பேருக்கும் செல்லாது.

அடுத்தது கார்டு. 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் நாம்தான் அதை இயக்க வேண்டும். கிராப் போன்ற டாக்ஸிச் செயலியையும் ஊரிலேயே இறக்கி எண்ணைப் பதிந்துவிடுங்கள். அங்கே போய் சிம்மை மாற்றிய பிறகு ஓடிபி பழைய எண்ணுக்கு வரும், அந்தச் சிம் பர்ஸின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு (பாட் என்பது அந்த நாட்டு நாணயம்) மேல் கட்டணம் பிடிப்பார்கள், அதனால் ஐந்நூறு ஐந்நூறாக எடுக்காதீர்கள். "உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடட்டுமா?" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் அவர்களுக்குத்தான் லாபம். கையில் இருக்கும் பணத்தை மாற்றுவதென்றால், சுவர்ணபூமி விமான நிலையத்தில் வெளியே வந்ததும் கண்ணில் படும் கவுன்ட்டரை விட்டுவிட்டு, கீழே ரயில் தளத்துக்கு இறங்கிப் பாருங்கள். விகிதம் அங்கே நன்றாக இருக்கும்.

அந்த ரயில் 45 பாட்டுக்கு அரை மணி நேரத்தில் நகருக்குள் இருக்கும் பயாதாய் நிலையத்தில் விடும். ஆனால் பேக்பேக்கர்கள் மொய்க்கும் காவோசான் சாலைப் பக்கம் எந்த ரயிலும் போவதில்லை. இது தெரியாமல் அங்கே அறை போட்டுவிட்டு, ரயிலில் வந்து, அப்புறம் காலை நெரிசலில் டாக்ஸி பிடிக்கிறவர்கள் நிறையப் பேர். டாக்ஸி என்றால் விமான நிலையத்தின் தரைத்தளத்தில் இயந்திரத்தில் சீட்டு எடுத்து வரிசையில் போங்கள். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். அதோடு விமான நிலையக் கட்டணம் 50 பாட், சுங்கச் சாலைக் காசு தனி. சீட்டைக் கடைசி வரை கையில் வைத்திருங்கள், ஓட்டுநர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பை மறந்துபோனால் தேட அந்தச் சீட்டு ஒன்றுதான் வழி.

சுகும்வித் சாலைப் பக்கம் அறை போட்டால் வேறு ஒரு வேடிக்கை. சாலையின் ஒரு பக்கத்துச் சந்துகளுக்கு ஒற்றைப்படை எண், மறுபக்கத்துக்கு இரட்டைப்படை. இரண்டும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. சந்து 55க்கு எதிரே சந்து 38 நிற்கும். "39க்கு எதிர்ப்பக்கம்தானேடா 38" என்று பத்துப் பன்னிரண்டு கிலோ பையோடு இறங்கினால் சட்டை நனைந்துவிடும்.

இனி நாங்கள் விழுந்த குழி. ஒன்பது மணிக்கெல்லாம் ஹாஸ்டலில் பைகளைப் போட்டுவிட்டு, ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாதென்று நேராக கிராண்ட் பேலஸ் என்கிற அரண்மனைக்கு நடந்தோம். வெள்ளை மதிலோரம் இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர், கழுத்தில் ஏதோ அடையாள அட்டை. "இன்று பூஜை, மதியம் வரை மூடியிருக்கும்" என்றார். நாங்கள் கேட்காமலேயே எங்கள் வரைபடத்தை வாங்கி, பேனாவால் மூன்று கோயில்களை வட்டம் போட்டார். ஒன்று வாட் இந்தராவிஹான், 32 மீட்டர் உயர நின்ற புத்தர். எல்லாவற்றுக்கும் சேர்த்து 20 பாட் என்று ஒரு டுக்டுக்கையும் (நம் ஊர் ஆட்டோ மாதிரி) கூப்பிட்டுவிட்டார். நண்பன் தலையாட்டினான் என்று நான் ஏறினேன். நான் ஏறிவிட்டேன் என்று அவன் ஏறினான்.

20 பாட்டுக்கு அந்த ஊரில் எந்த டுக்டுக்கும் ஊர் சுற்றிக் காட்டாது. ஓட்டுநருக்கு வருமானம் நகைக்கல் கடையிலிருந்தும் தையல் கடையிலிருந்தும் வருகிறது. ஆளைக் கொண்டுபோய் விட்டால் பெட்ரோல் கூப்பன், வியாபாரம் நடந்தால் கமிஷன். வழியில் சிவப்பு வண்ணத்தில் இரண்டு பெரிய தூண்கள், ராட்சத ஊஞ்சலின் சட்டம், கண்ணில் பட்டு மறைந்தது. 1935க்குப் பிறகு அதில் யாரும் ஆடவில்லை. அங்கே நடந்த விழாவின் பெயர் த்ரியம்பவாய், நம் திருவெம்பாவைதான். நிறுத்தச் சொன்னோம், நிறுத்தவில்லை. அப்போதே இறங்கியிருக்க வேண்டும்.

கல் கடையில் குளிர்பானம் கொடுத்தார்கள். வரிவிலக்கு இன்றோடு முடிகிறதாம், ஊரில் போய் விற்றால் இரண்டு மடங்காம். நண்பன் ஒரு நீலக்கல்லை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்ணாடிச் சில்லுக்கும் நீலக்கல்லுக்கும் எங்கள் இருவருக்குமே வித்தியாசம் தெரியாது. ஆனாலும் கார்டை நீட்டினான். இயந்திரம் மறுத்தது. என் கார்டும் மறுத்தது. வெளிநாட்டுப் பயன்பாட்டை நான் இயக்கியிருப்பேன் என்று அவனும், அவன் இரண்டுக்கும் செய்திருப்பான் என்று நானும் விட்டிருந்தோம். எங்களைக் காப்பாற்றியது அந்தச் சோம்பல்தான். வெளியே வந்தால் டுக்டுக்கைக் காணோம்.

அரண்மனை பெரும்பாலும் தினமும் திறந்திருக்கும், காலை எட்டரை முதல் மாலை மூன்றரை வரை சீட்டு, 500 பாட். மூடியிருக்கிறதா என்பதை வாசலில் சீருடையில் இருப்பவரிடம் மட்டும் கேளுங்கள். அரைக்கால் சட்டையோடு போனால் உள்ளே விட மாட்டார்கள். அதை நம்பித்தான் வெளியே யானை போட்ட கால்சட்டை விற்கிறார்கள். கிளம்பும்போதே முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டால் ஆயிற்று. 2019இல் திறந்த சனம் சாய் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

இரண்டு பேருக்கு ஒரு சிம் போதும் என்பது இன்னொரு கஞ்சத்தனம். கல் கடைக்கு வெளியே நான் கழிப்பறை தேடிப் போக, அவன் டுக்டுக்கைத் தேடிப் போக, நெட் இருந்த போன் அவனிடம், ஹாஸ்டல் பெயர் எழுதிய தாள் என்னிடம். நாற்பது நிமிடம் ஒரு செவன் இலெவன் கடை வாசலில் நின்றேன். ஆளுக்கொரு சிம் வாங்குங்கள். தொலைந்தால் சந்திக்க ஓர் இடத்தைக் காலையிலேயே பேசிவையுங்கள். ஹாஸ்டல் பெயரைத் தாய் எழுத்தில் இருவர் போனிலும் படமாக வையுங்கள். பாஸ்போர்ட்டுகளை ஒரே பையில் போடாதீர்கள்.

சைவக்காரர்களுக்கு ஒன்று. "காய்கறி மட்டும்" என்று சொன்னாலும் மீன் சாறு ஊற்றித்தான் தருவார்கள், அவர்களுக்கு அது உப்பு மாதிரி. "ஜே" என்று கேளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பாக அந்த எழுத்தைப் போட்டிருக்கும் கடையில் மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது. பூண்டு வெங்காயம்கூட இருக்காது.

முதல் நாள் காலையை என்ன செய்வது? பையை ஹாஸ்டலில் போட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் போங்கள். ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு, எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட்தான். காற்று வாங்கிக்கொண்டே போய் வாருங்கள். விலை பேசும் வேலையும் பெரிய முடிவுகளும் அன்று வேண்டாம். இரண்டு மணிக்குப் படுக்கை கிடைத்ததும் தூங்கிவிடுங்கள்.

நாங்கள் அன்று மாலை ஒருவரோடொருவர் பேசாமலே படுத்தோம். மறுநாள் காலை எட்டரைக்கு மறுபடி அரண்மனைக்குப் போனோம். மதிலோரம் அதே ஆள், இஸ்திரி போட்ட வேறு சட்டை. எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சிரித்தபடி கிட்டே வந்து, "இன்று பூஜை" என்றார்.