நிலவேம்பு: கசப்பை நம்பிச் செய்யும் தவறுகள்

இரண்டு பருவமழையும் கிடைக்கிற குமரி மாவட்டத்தில், மழை பிடித்தால் பல வீட்டு அடுப்புகளில் நிலவேம்பும் கொதிக்கும். நல்ல மூலிகைதான். ஆனால் அதனால் ஆகாத வேலைக்கு அதை நம்பினால் உயிரே போகலாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிறியாநங்கை என்பதும் இதே செடிதான். பாம்பு கடித்தால் இதன் இலையை மென்று பார்க்கச் சொல்வார்கள்: கசந்தால் விஷம் ஏறவில்லை, இனித்தால் ஏறிவிட்டதாம். இதை நம்பவே கூடாது. கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் இமை சரியும், மூச்சுத் திணறும். விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகிறவர்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். விஷமுறிவு ஊசிதான் மருந்து. கடிபட்டவரை நடக்கவிடாமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அதைவிடப் பக்கத்தில் ஊசி இருக்கும் மருத்துவமனைக்கோ உடனே கொண்டுபோங்கள். இலையைத் தேடி ஒரு நிமிடம்கூடப் போகக் கூடாது.

அடுத்தது டெங்கு. அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்ததால், அதைக் குடித்தால் டெங்கு அண்டாது என்று பலர் எண்ணுகிறார்கள். டெங்குவைத் தடுக்கும், தட்டணுக்களை ஏற்றும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் விடும்போதுதான் தொடங்குகிறது. வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு தெரிந்தால் கஷாயத்தோடு வீட்டில் காத்திருக்காதீர்கள்.

சான்று ஓரளவு இருப்பது சளி, இருமல், தொண்டைவலிக்கு. 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 33 சோதனைகளில் 7,175 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. இருமலும் தொண்டைவலியும் குறைந்ததாகத் தெரிந்தது. ஆனால் பல சோதனைகளின் தரம் குறைவு. கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு அளவு நிர்ணயித்த மாத்திரைகளும் அவற்றில் உண்டு. அந்தப் பலன் அப்படியே நம் வீட்டுக் கஷாயத்திலும் கிடைக்கும் என்று கொள்ள முடியாது.

கடையில் தனி நிலவேம்புப் பொடியை வாங்கிவந்து நிலவேம்புக் குடிநீர் என்று குடிப்பதும் நடக்கிறது. சித்த மருத்துவக் குடிநீரில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் சேர்த்து ஒன்பது சரக்கு.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதைத் தவிர்ப்பதே நல்லது. சர்க்கரை, ரத்தஅழுத்த மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்க மருந்தோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவேண்டாம். குடித்தபின் உடல் தடித்தாலோ முகம் வீங்கினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அரிதாகக் கடும் ஒவ்வாமை வருவதாக ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இலேயே எச்சரித்தது.

காலையில் காய்ச்சியதை ஃபிளாஸ்கில் வைத்து ராத்திரிவரை குடிப்பதையும் விட்டுவிடுங்கள். குடிநீருக்குச் சித்த மருத்துவம் வைத்த ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். அந்தந்த வேளைக்குக் காய்ச்சினால் போதும்.