அண்ணா பல்கலைக்கழகத்தில் சேர்வதா? முடிவெடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பிளஸ் டூ மதிப்பெண் வந்த வாரம், பொறியியல் படிக்க விரும்பும் பிள்ளை இருக்கும் வீடுகளில் எல்லாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா பல்கலைக்கழகம் கிடைக்குமா?" இந்தக் கேள்வி எந்தக் கல்லூரியைக் குறிக்கிறது என்று பலர் யோசிப்பதே இல்லை. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, 1944-இல் வந்த அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, 1949-இல் குரோம்பேட்டையில் எழுந்த எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி), கட்டடக்கலைப் பள்ளி ஆகிய நான்கையும் சேர்த்து 1978-இல் உருவானது இந்தப் பல்கலைக்கழகம். கிண்டியின் பெருமை, எம்.ஐ.டி.யில் விமானவியல் படித்த அப்துல் கலாமின் பெயர் என்று நாம் சொல்லிக்கொள்வதெல்லாம் இந்த நான்கு வளாகக் கல்லூரிகளைப் பற்றியவை. 2001-க்குப் பிறகு மாநிலம் முழுவதும் உள்ள பொறியியல் கல்லூரிகள் இதனுடன் இணைக்கப்பட்டன. இன்று அந்த இணைப்புக் கல்லூரிகள் நானூறுக்கும் மேல். இவற்றுக்கு இடையில் விழுப்புரம், திண்டிவனம், ஆரணி போன்ற ஊர்களில் பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரிகளும் இருக்கின்றன. பட்டச் சான்றிதழில் எல்லோருக்கும் ஒரே பல்கலைக்கழகத்தின் பெயர்தான். ஆனால் ஆசிரியர்கள், ஆய்வகங்கள், வளாகத் தேர்வுக்கு (கல்லூரிக்கே வந்து வேலைக்கு ஆள் எடுப்பதற்கு) வரும் நிறுவனங்கள் எல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். "அண்ணா பல்கலைக்கழகப் பட்டம்" என்று விளம்பரப் பலகையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பிப் பணம் கட்டக் கூடாது.

தரவரிசையிலும் இதே குழப்பம் நேர்கிறது. மத்திய அரசு கல்வி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தும் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் அண்ணா பல்கலைக்கழகம் பெறும் இடத்தை, அதனுடன் இணைந்த கல்லூரி தன் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அந்தப் பட்டியல் எதை அளக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பொறியியல் பிரிவில் நூற்றுக்கு 30 மதிப்பெண் ஆய்வுக் கட்டுரைகள், காப்புரிமை போன்றவற்றுக்குப் போகிறது. முதலாண்டு மாணவனுக்குக் கணிதம் நடத்துபவர் எப்படி நடத்துகிறார் என்பதை அது சொல்லாது. ஆனால் அதே ஏற்பாட்டில் நமக்குப் பயன்படும் ஒன்று இருக்கிறது. பட்டியலில் பங்கேற்கும் கல்லூரி தான் அளித்த தகவல்களைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலை ஊதியம் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். இடைநிலை ஊதியம் என்றால் வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை. முழுப் பக்க விளம்பரத்தில் வரும் "அதிகபட்ச ஊதியம்" ஒரே ஒரு மாணவனுடையது. உங்கள் பிள்ளைக்கு என்ன வாய்ப்பு என்பதை அந்த நடுத் தொகைதான் காட்டும்.

பெயருக்காகப் பாடப்பிரிவை விட்டுக்கொடுப்பது, என் பார்வையில், எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. கிண்டியில் சுரங்கப் பொறியியல், அச்சு மற்றும் பொதிதல் தொழில்நுட்பம், புவித்தகவலியல் இருக்கின்றன. அழகப்பாவில் பீங்கான், ஜவுளி, தோல் தொழில்நுட்பங்கள் இருக்கின்றன. எம்.ஐ.டி.யில் ரப்பர் மற்றும் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் இருக்கிறது. "உள்ளே நுழைந்துவிட்டால் போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்து, மென்பொருளில் மட்டுமே ஆர்வமுள்ள பிள்ளையை இவற்றில் ஒன்றில் சேர்த்துவிட்டால் நான்கு ஆண்டுகள் அவன் இரண்டு படிப்புகளைப் படிக்க வேண்டியிருக்கும். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனம் எந்தெந்தப் பிரிவு மாணவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். பல நேரங்களில் அந்தப் பட்டியலில் அவன் பிரிவு இருக்காது. அப்படிப்பட்டவனுக்குக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் கணினி அறிவியல் கிடைக்குமானால், கிண்டியை விட்டுவிட்டு அங்கே போவதில் எந்த இழப்பும் இல்லை.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. மேற்சொன்ன பிரிவுகளைக் "கடைசியில் மிஞ்சியவை" என்று ஒதுக்குகிறார்கள். தோல் தொழில்நுட்பத்தைப் பக்கத்திலேயே உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்த்துக் கற்கும் வாய்ப்பு நாட்டில் வேறெங்கே கிடைக்கும்? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது பெரும் வாய்ப்பு. திருப்பூரில் வளர்ந்தவளுக்கு ஜவுளித் தொழில்நுட்பமும் அப்படியே. பிள்ளைக்கு அந்தத் துறையில் மனம் இருக்கிறதா என்று கேட்காமல் சேர்ப்பதும் தவறு, கேட்காமல் தள்ளிவிடுவதும் தவறு.

வளாகக் கல்லூரிகளிலேயே சில பாடப்பிரிவுகளுக்கு அருகில் "எஸ்.எஸ்." என்ற குறி இருக்கும். அது சுயநிதிப் பிரிவு. கட்டணம் அதிகம். கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலில் சேர்க்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். விடுதி, உணவு என்று சென்னைச் செலவையும் நான்கு ஆண்டுக்குக் கூட்டிப் பாருங்கள்.

தரவரிசைப்படி இடம் ஒதுக்கும் கலந்தாய்வில் நடக்கும் பிழைகளைப் பார்த்தால் மனம் பொறுப்பதில்லை, ஏனென்றால் அவை முழுக்கத் தவிர்க்கக்கூடியவை. கட்-ஆஃப் கணக்கு எல்லோருக்கும் தெரியும்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. ஆனால் சென்ற ஆண்டு 192-க்குக் கிடைத்தது இந்த ஆண்டும் 192-க்குக் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். கணிதத் தாள் எளிதாக இருந்த ஆண்டில் அதே 192-க்கு முன்னால் இன்னும் ஆயிரக்கணக்கானோர் நிற்பார்கள். மதிப்பெண்ணை விட்டுவிட்டு, உங்கள் தரவரிசை எண்ணையும், சென்ற ஆண்டு உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை எண்ணையும் ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, விருப்பப் பட்டியலின் வரிசை. "கிடைக்காததை மேலே போட்டால் கிடைக்கக்கூடியதும் போய்விடும்" என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. அப்படி எதுவும் நடக்காது. உங்கள் தரவரிசை வரும்போது கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தருகிறது. மேலே உள்ளது நிரம்பியிருந்தால் அடுத்ததற்குப் போகும், அவ்வளவுதான். ஆகவே உண்மையான ஆசையின் வரிசையிலேயே எழுதுங்கள். ஆபத்து இருப்பது குறுகிய பட்டியலில். பத்துப் பதினைந்து கல்லூரிகளோடு நிறுத்திவிட்டு அந்தச் சுற்றில் ஒன்றுமே கிடைக்காமல் போனவர்கள் உண்டு. அதே நேரம், கிடைத்தால் சேரவே மாட்டோம் என்ற கல்லூரியை எண்ணிக்கைக்காகச் சேர்க்க வேண்டாம்.

கலந்தாய்வு தொடங்கும் முன்பே "இடம் போய்விடும்" என்ற அவசரத்தில் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு (கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் இடங்களுக்கு) முன்பணம் கட்டுவது ஏழைக் குடும்பங்களை அதிகம் பாதிக்கும் தவறு. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அப்படித்தான்; அதில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இதைச் சொல்ல ஆளில்லாமல், நகையை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்க்கும் பெற்றோர் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால் தயவுசெய்து போய்ச் சொல்லுங்கள்.

இணைப்புக் கல்லூரி என்றால் நேரில் போகாமல் முடிவெடுக்காதீர்கள். ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் பணிபுரிவதாகக் காட்டப்பட்டிருந்ததை 2024-இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது நினைவிருக்கும். வரவேற்பறையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பாமல், துறைக்குப் போய் ஆசிரியர்கள் யார் யார் என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் தனியே பேசுங்கள். ஆய்வகத்தில் எத்தனை பேருக்கு ஒரு கருவி, போன பருவத்தில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியரே இல்லை என்பதை அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள். தரத்தை மதிப்பிட்டு வழங்கப்படும் அங்கீகாரங்களில் என்.பி.ஏ. பாடப்பிரிவுக்கு வழங்கப்படுவது, நாக் (NAAC) கல்லூரி முழுமைக்கும் வழங்கப்படுவது. ஆகவே "எங்களுக்கு என்.பி.ஏ. இருக்கிறது" என்றால் எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டு வரை என்று கேட்க வேண்டும்.

பெண் பிள்ளை என்பதற்காக மட்டும் கிண்டியில் கிடைத்த இடத்தைத் துறக்கச் செய்து பக்கத்து ஊர்க் கல்லூரியில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வளாகத்தில் பெண்களுக்கு விடுதி இருக்கிறது. அந்த இடத்தை அவள் இரண்டு ஆண்டு உழைப்பால் பெற்றிருக்கிறாள்.

சேர்ந்த பிறகு இதைவிட நல்ல இடம் கிடைத்தால், கட்டிய பணம் போய்விடுமே என்று தயங்கவும் வேண்டாம். தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. அறிவிக்கும் கடைசித் தேதிக்குள் விலகினால், 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடமே வைத்துக்கொள்ளவும் கூடாது. சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும். விலகல் கடிதத்தைக் கையில் கொடுத்தால் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.